இருபத்திரண்டு வயதில் முப்பது பேருக்குப் பொறுப்பு

சேலத்தில் என்சிசி சீருடை போட்ட பிள்ளைகளிடம் "ராணுவ அதிகாரிக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். தைரியம், உடற்கட்டு, கணீர்க் குரல் என்று பதில் வரும். மூன்றும் வேண்டும்தான். ஆனால் அவை சிப்பாய்க்கும் வேண்டும். அதிகாரிக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டு நாள் தூக்கமில்லை, கையில் இருப்பது பாதித் தகவல், எடுக்கப்போகும் முடிவில் அடுத்தவர் உயிர் இருக்கிறது, நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் ஒரு முடிவை எடுத்து, அதை மற்றவர்களுக்குப் புரியும்படி சொல்லி, முன்னால் நடந்து போக வேண்டும். ராணுவ அகாடமிகளில் நடக்கும் டிரில், குத்துச்சண்டை, இரவு நடை, வரைபடப் பாடம் எல்லாமே சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து சேர்கின்றன. இது புரிந்துவிட்டால், வெளியிலிருந்து பார்க்கும்போது வெறும் கடுமையாகத் தெரிகிற பல விஷயங்களுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். காலாட்படையில் சுமார் பத்துப் பேர் சேர்ந்தது ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன், அதாவது முப்பது பேருக்குக் கொஞ்சம் மேலே. மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி. அகாடமியை முடித்து லெப்டினன்ட் நட்சத்திரம் குத்திக்கொண்டு வெளியே வருபவருக்கு 21, 22 வயது இருக்கும். அந்த வயதில் அவர் கையில் ஒரு பிளட்டூன் கொடுக்கப்படலாம். அந்த முப்பது பேரில் பலர் அவரைவிட மூத்தவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள்.

பிளஸ் டூ முடித்துப் போகிறவர்களுக்குப் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில் மூன்று ஆண்டுப் பயிற்சி. அதன்பின் தரைப்படைக்குத் தேர்ந்தவர்கள் டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியில் மேலும் ஓராண்டு இருப்பார்கள். பட்டம் முடித்தவர்கள் நேராக டேராடூனுக்கோ, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கோ போகலாம். பரங்கிமலைப் பயிற்சி 49 வாரம். 1962 சீனப் போருக்குப் பிறகு படையைப் பெருக்க வேண்டியிருந்தது, அதற்கு அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அப்படித்தான் 1963-ல் பரங்கிமலையில் பயிற்சிப் பள்ளி வந்தது. மேஜர் முகுந்த் வரதராஜன் அங்கே பயிற்சி பெற்றவர்தான். பெண்கள் 1992 முதல் குறுகிய காலப் பணிக்கு அதிகாரிகளாகச் சேர்ந்து வருகிறார்கள். கடக்வாஸ்லாவின் கதவு அவர்களுக்கு 2022-ல் திறந்தது. முதல் அணியாக 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்தார்கள்.

ஏற்காட்டில் ஒரு கற்பனைப் பிரச்சினை

அகாடமியில் 'டியூட்' என்று ஒரு பயிற்சி உண்டு. படையும் துப்பாக்கியும் இல்லாமல், வரைபடத்தோடு ஒரு மேட்டில் போய் நிற்பார்கள். "இந்த நிலத்தில் இந்தப் பிரச்சினை வந்தால் நீ என்ன செய்வாய்?" என்று பயிற்றுநர் கேட்பார். அதற்கு முன் வகுப்பில் மணலைக் குவித்து, மலை, ஓடை, சாலை எல்லாம் வைத்து, அந்த நிலத்தின் மாதிரியைச் செய்து பழகியிருப்பார்கள். போர்த் தலைமை என்றால் என்ன என்பதை இதைவிடச் சுலபமாக விளக்கும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆகவே நம் மலையிலேயே ஒன்று செய்து பார்ப்போம். முழுக்கக் கற்பனை.

உங்களிடம் முப்பது பேர் இருக்கிறார்கள். ஏற்காடு ஏரிக்கரையில் நிற்கிறீர்கள். சேலம் பக்கமிருந்து எதிரிப்படை ஒன்று மலையேறி வருகிறது. நாளை காலை பத்து மணிக்கு உங்களுக்கு உதவிப்படை வந்து சேரும். அதுவரை எதிரியை மேலே வரவிடக் கூடாது.

பலருக்கும் உடனே தோன்றுவது இதுதான்: "அடிவாரத்திலிருந்து வரும் ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, மேல் வளைவு ஒன்றில் உட்கார்ந்துகொண்டால் போதும்." நல்ல தொடக்கம். இனிமேல் கேள்விகள் வரும். குப்பனூர் வழியாகவும் மேலே ஒரு ரோடு வருகிறதே, அங்கே யார் நிற்பது? முப்பது பேரைப் பாதியாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஆள் போதாது. பிரிக்காவிட்டால் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். சரி, எதிரி ரோட்டில்தான் வருவான் என்று யார் சொன்னது? காபித் தோட்டங்களுக்குள் ஒற்றையடிப் பாதைகள் போகின்றன. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் தூரத்திலிருந்து பார்த்தால் இடைவெளி விட்டு நிற்பதாகத் தெரியும். அவற்றின் அடியில் காபிச்செடி அடர்ந்திருக்கிறது. அதற்குள் குனிந்து வருகிறவன் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படுவான்.

அடுத்து வரைபடம். 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாகப் போடப்பட்டிருக்கும். சேலத்தைப் பார்த்த சரிவில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், மேலே ஏரியைச் சுற்றி விலகிப் போகும். ஒட்டியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மேட்டுச் சமவெளி. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. எதிரி 1,200 மீட்டர் ஏறியாக வேண்டும். மலையேறுபவர்களிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அப்படியானால் ஏற்றத்துக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் கூடுகிறது. முதுகில் மூட்டையும் ஆயுதமும் இருந்தால், இருட்டில் வந்தால், இன்னும் கூடும். உங்களுக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பது அந்தக் கோடுகளிலேயே இருக்கிறது. வரைபடம் படிக்கத் தெரியாத அதிகாரிக்கு இந்த அவகாசமே கையில் இருப்பது தெரியாது.

இன்னொன்றையும் பயிற்றுநர் கேட்பார், பெரும்பாலும் யாரும் யோசித்திருக்காத ஒன்று. உங்கள் ஆள் ஒருவருக்குக் காலில் குண்டடி பட்டுவிட்டது. மலைச்சரிவில் ஸ்ட்ரெச்சர் தூக்க நாலு பேர் வேண்டும். சற்று தூரத்திலேயே தோள் கழன்றுவிடும், மாற்றித் தூக்க இன்னும் நாலு பேர். ஆக ஒருவர் காயம்பட்டால் சண்டையிலிருந்து போவது ஒன்பது பேர். இருப்பதே முப்பது. அவரை உடனே அனுப்புவீர்களா, காலை வரை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வீர்களா? மலையில் கிராமங்கள் இருக்கின்றன, நீங்கள் சுடும் திசையில் வீடுகள் இருக்கின்றனவா? அவர்களை முன்கூட்டியே வேறிடம் போகச் சொன்னால் உங்கள் இருப்பிடம் வெளியே தெரிந்துவிடுமா? தெரிந்தாலும் பரவாயில்லை என்று சொல்லத் தயாரா?

எல்லாவற்றையும் யோசித்து ஒரு திட்டம் சொல்லி முடித்ததும் பயிற்றுநர் ஒரு வரி சேர்ப்பார்: "மூடுபனி இறங்கிவிட்டது, பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. குப்பனூர் பக்கம் வைத்த ஆட்களோடு ரேடியோ தொடர்பு அறுந்துவிட்டது. இரண்டு நிமிடம் தருகிறேன்." ஏற்காட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் பனி எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று.

இந்த இடத்தில்தான் பயிற்சியே தொடங்குகிறது. சிலர் பழைய திட்டத்தையே பிடித்துக்கொள்வார்கள். சிலர் இன்னும் தகவல் வரட்டும் என்று காத்திருப்பார்கள். இரண்டு நிமிடம் முடிந்துவிடும். முடிவே எடுக்காமல் நின்றதைத்தான் பயிற்றுநர்கள் பெரிய குறையாகப் பார்க்கிறார்கள். சுமாரான முடிவானாலும் நேரத்தில் எடுத்துவிட்டால் பிறகு திருத்திக்கொள்ளலாம். இந்தக் கணக்குக்கு ஒரே சரியான விடை கிடையாது. கடைசியில் பயிற்றுநர் தரப்பு ஒரு விடையைக் காட்டும், 'டி.எஸ். சொல்யூஷன்' என்பார்கள். அதுவும் பல வழிகளில் ஒரு வழிதான். அவர்கள் எடைபோடுவது நீங்கள் எதையெல்லாம் கணக்கில் எடுத்தீர்கள், எதைத் தெரிந்தே விட்டீர்கள் என்பதை.

கட்டளைக்குப் பின்னால் இருக்கும் நோக்கம்

முடிவு எடுத்தாயிற்று. இனி அதை முப்பது பேருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நிலவரம் என்ன, நம் பணி என்ன, அதை எப்படிச் செய்யப்போகிறோம், சோறு தண்ணீர் தோட்டா மருத்துவம் எப்படி, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதோடு எப்படித் தொடர்புகொள்வது என்பதும். இந்த ஐந்து தலைப்பு, இதே வரிசை. இதில் பணியை மட்டும் இரண்டு முறை சொல்வது வழக்கம். ஏனென்றால் மற்றதெல்லாம் மறந்துபோனாலும், குழம்பிப்போனாலும், அது ஒன்று எல்லார் மனதிலும் நிற்க வேண்டும்.

பிரஷ்யப் படைத்தலைவர் மோல்ட்கே 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்தார். எதிரியின் முக்கியப் படையோடு முதல் மோதல் நடந்த பிறகு எந்தத் திட்டத்தையும் உறுதியாக நம்ப முடியாது என்பது அவர் கருத்து. திட்டம் உடைந்த பிறகு கையில் மிஞ்சுவது நோக்கம்தான். "அந்த வளைவில் நில்" என்று மட்டும் சொல்லப்பட்டவன், எதிரி வேறு வழியில் ஏறிப்போனாலும் அங்கேயே நிற்பான். "காலை பத்து மணி வரை மேலே வரவிடாதே, அதற்காக அந்த வளைவில் நில்" என்று சொல்லப்பட்டவன் தானே இடம் மாறுவான். மேலிருந்து கட்டளை வராத நேரத்திலும் மேலே இருப்பவர் என்ன விரும்புவார் என்று யோசிக்கப் பழகுவதுதான் இளம் அதிகாரிக்கான பயிற்சியில் மிக நுட்பமான பகுதி என்று நினைக்கிறேன்.

அருண் கேத்ரபாலை எடுத்துக்கொள்ளுங்கள். கடக்வாஸ்லாவிலும் டேராடூனிலும் பயின்று 1971 ஜூனில் அதிகாரியானவர். பூனா ஹார்ஸ் டாங்கிப் படைப்பிரிவு. இளம் அதிகாரிகளுக்கான அடுத்தகட்டப் பயிற்சி முடிவதற்குள்ளேயே போர் வந்துவிட்டது. டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றுப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் பெரும் எண்ணிக்கையில் எதிர்த்தாக்குதல் நடத்தின. அவர் டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தது, அவருக்கும் பலத்த காயம். டாங்கியை விட்டு இறங்கச் சொல்லி ரேடியோவில் சொன்னார்கள். அவர் இறங்கவில்லை. தன் பகுதியில் எதிரி இன்னும் முன்னேறிக்கொண்டிருக்கிறான், தான் விலகினால் அந்த வழியே உடைத்துக்கொண்டு போய்விடுவான் என்று அவர் உணர்ந்ததாகப் பரம்வீர் சக்கர விருதுக் குறிப்பு சொல்கிறது. மேலும் ஒரு டாங்கியை அழித்த பிறகு அவர் டாங்கி மறுபடி அடிபட்டது, அதில் இறந்தார். வயது 21. அதிகாரியாகி ஆறு மாதம்.

பொதுவாக இதைத் தைரியத்தின் கதையாகச் சொல்வார்கள். தைரியம் நிச்சயம் இருந்தது. அந்தப் புகையிலும் வலியிலும் தன் டாங்கிக்கு அப்பால், தன் பிரிவு மொத்தமும் எதற்காக அங்கே நிற்கிறது என்பது அவர் மனதில் தெளிவாக இருந்ததே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அந்தத் தெளிவு ஒரே நாளில் வருவதில்லை.

ஏன் இவ்வளவு களைப்பு?

விடியுமுன் எழுப்புவது, மூட்டையோடு இரவு முழுக்க நடக்க வைப்பது, வந்ததும் தூங்கவிடாமல் வகுப்பில் உட்கார வைப்பது. பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். காரணம் இதுதான். பயமும் களைப்பும் சேரும்போது மனிதனின் பார்வை குறுகிவிடுகிறது. காது சரியாகக் கேட்காது, விரல் நடுங்கும், எளிய கூட்டல்கூட வராது. அந்த நிலையில் புதிதாக எதையும் யோசிக்க முடியாது, ஏற்கெனவே உடம்பில் ஊறியது மட்டும்தான் வெளியே வரும். ஏற்காடு மலைப்பாதையில் பல வருடம் பஸ் ஓட்டியவருக்கு கியர் மாற்றக் கை தானாகப் போகும், அதனால் அவர் கண்ணும் கவனமும் எதிரே வரும் லாரிக்கு மிச்சமிருக்கும். ஆயுதத்தைக் கையாள்வது, பதுங்குவது, ரேடியோவில் இருப்பிடம் சொல்வது எல்லாம் அப்படிப் பழகிவிட்டால் மிச்சமிருக்கும் கொஞ்சம் அறிவை முடிவெடுக்கப் பயன்படுத்தலாம்.

கடக்வாஸ்லாவில் புதியவர்கள் குத்துச்சண்டைக் களத்தில் இறங்க வேண்டும். பலருக்கு வாழ்க்கையில் முகத்தில் வாங்கும் முதல் அடி அதுதான். அடி விழுந்த பிறகும் கண்ணை மூடாமல், திரும்பி ஓடாமல் எதிரே பார்க்க முடிகிறதா என்பதைத்தான் அங்கே சோதிக்கிறார்கள். யார் ஜெயித்தார் என்பது அடுத்த விஷயம்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சீனியர் என்ற பெயரில் ஜூனியரை வதைப்பதும் அவமானப்படுத்துவதும் இந்தப் பயிற்சியில் சேராது. அகாடமி விதிகளும் அதை அனுமதிப்பதில்லை. களைப்பைத் தாங்கப் பழக்குவதற்கு நோக்கம் உண்டு, அளவு உண்டு, பக்கத்தில் மருத்துவர் உண்டு. அவமானத்தில் பழகியவன் நாளை தன் ஆட்களையும் அதே மாதிரிதான் நடத்துவான்.

பொய் சொல்லாத பழக்கம்

அகாடமிகளில் ஒரு கண்ணிய விதி உண்டு. பொய் சொல்லக் கூடாது, ஏமாற்றக் கூடாது, திருடக் கூடாது. தேர்வில் பக்கத்துத் தாளைப் பார்த்ததற்கு ஒரு பருவம் பின்தள்ளப்படலாம், வீட்டுக்கே அனுப்பவும் படலாம். நம் பக்கத்தில் பலருக்கு இது அதிகமாகத் தோன்றும். பரீட்சையில் ஒரு விடையைப் பார்த்து எழுதியதற்கா என்று கேட்பார்கள்.

ரோந்துக்குப் போன லெப்டினன்ட் ஒருவர் களைத்துப்போய், சொன்ன மேடு வரை போகாமல் பாதியில் திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "போனேன், அங்கே யாருமில்லை" என்று அறிக்கை கொடுக்கிறார். மேலே இருப்பவர் அதை நம்பி வரைபடத்தில் குறிக்கிறார். மறுநாள் இன்னொரு பிளட்டூன் அந்த மேட்டின் வழியே போகிறது, எதிரி அங்கே காத்திருக்கிறான். அல்லது தன் இருப்பிடத்தைத் தப்பாகச் சொன்னார், சொந்தப் பீரங்கிக் குண்டே சொந்த ஆட்கள் மேல் விழுகிறது. போரில் ஒவ்வொரு முடிவும் வேறொருவரின் சொல்லை நம்பித்தான் எடுக்கப்படுகிறது. "செய்யவில்லை சார்", "எனக்குத் தெரியவில்லை சார்" என்று நேராகச் சொல்லத் தெரிந்த மாணவனிடம் அகாடமி ஒரு பெரிய விஷயத்தைச் சேர்த்துவிட்டது என்று அர்த்தம்.

இதோடு சேர்ந்தது போர்ச் சட்டம். சரணடைந்தவரை, காயம்பட்டவரை, ஆயுதமில்லாத மக்களைத் தாக்கக் கூடாது என்று 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் சொல்கின்றன. இந்தியா அதற்கென்று 1960-ல் தனிச் சட்டமே இயற்றியது. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான கிராம மக்களைக் கொன்றார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. பின்னால் தண்டிக்கப்பட்ட லெப்டினன்ட் வில்லியம் கேலி அங்கே பிளட்டூன் தலைவர். அவர் பதவியும் நம் இளம் லெப்டினன்ட்டின் பதவியும் ஒன்றுதான். அதே நாள் அதே இடத்தில் ஹியூ தாம்சன் என்ற ஹெலிகாப்டர் ஓட்டுநர், தன் நாட்டுப் படையினருக்கும் தப்பி ஓடிய கிராம மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கி, சிலரைக் காப்பாற்றினார். அவருக்கான பதக்கம் வர முப்பது ஆண்டுகள் ஆயின. ஆத்திரமும் பயமும் தலைக்கேறிய ஆட்களைத் தடுத்து நிறுத்துவதும் தலைமைதான், போரில் அதைவிடக் கடினமான தலைமை இல்லை. தன் கூட இருந்தவரை அன்று காலை இழந்த முப்பது பேரிடம் "வேண்டாம்" என்று சொல்ல, அந்த இளைஞன் அதற்கு முன்பே அவர்கள் மரியாதையைச் சம்பாதித்திருக்க வேண்டும்.

அந்த மரியாதை எங்கிருந்து வரும்? டேராடூன் அகாடமி 1932-ல் தொடங்கியபோது அன்றைய இந்தியப் படைத்தலைவர் சர் பிலிப் செட்வுட் ஆற்றிய உரையின் மூன்று வரிகள் இன்றும் அங்கே ஒவ்வொரு மாணவனுக்கும் மனப்பாடம். நாட்டின் பாதுகாப்பு, கௌரவம், நலன் எப்போதும் முதலில். உன் கீழ் இருப்பவர்களின் கௌரவம், நலன், வசதி அடுத்து. உன் சுகமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில். நடைமுறையில் இதற்குச் சின்னச் சின்ன அர்த்தங்கள் உண்டு. நடை முடிந்ததும் ஆட்களின் கால் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தன் பூட்ஸைக் கழற்றுவது, எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது, லீவு கேட்ட சிப்பாயின் வீட்டு நிலவரம் தெரிந்திருப்பது. தமிழ்ப் பையன் சீக்கியப் படைப்பிரிவுக்குப் போனால் பஞ்சாபி கற்றுக்கொள்வான், பஞ்சாபிப் பையன் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வந்தால் தமிழோ மலையாளமோ பேசப் பழகி, ஆட்களோடு சேர்ந்து "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முழங்குவான்.

அகாடமியால் தர முடியாத ஒன்றும் உண்டு. உண்மையான குண்டு தலைக்கு மேல் போகும் அனுபவத்தை எந்த மைதானத்திலும் உண்டாக்க முடியாது. அதனால்தான் பல கம்பெனிகள் சேர்ந்த பட்டாலியனுக்குப் போன பிறகும் மவ், பெலகாவி போன்ற ஊர்களில் அடுத்தடுத்த பயிற்சிகள் தொடர்கின்றன. அதைவிட முக்கியமான ஆசிரியர் அங்கேயே இருக்கிறார், சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, இருபது வருடத்துக்கு மேல் பணியாற்றிய சுபேதார். "சாப்" என்று மரியாதையோடு அழைத்து, அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் லெப்டினன்ட் சீக்கிரம் தேறிவிடுவார். அவர் இவருக்கு சல்யூட் அடிப்பார், இவர் அவரிடம் பாடம் படிப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

சேலத்துப் பிள்ளைகளுக்கு

காலையில் மைதானத்தில் ஓடும் பல இளைஞர்களுக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. சிப்பாயாகச் சேரும் அக்னிவீர் ஆள்சேர்ப்பு வேறு, அதிகாரி நுழைவு வேறு. அதிகாரியாக விரும்பினால் பிளஸ் டூ படிக்கும்போதே யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வை எழுதலாம், ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண்: கணிதம் 300, பொதுத்திறன் 600. அதன்பின் எஸ்எஸ்பி என்ற ஐந்து நாள் நேர்காணல், அதற்கும் 900. தரைப்படைக்கு நமக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூரு மையம்.

அந்த ஐந்து நாளில் உங்களை ஒரு குழுவோடு சேர்த்து, கட்டையும் கயிறும் பீப்பாயும் கொடுத்து ஒரு தடையைத் தாண்டச் சொல்வார்கள். ஒரு கட்டத்தில் உங்களையே தலைவராக்கி, குழுவிலிருந்து துணைக்கு ஆட்களை நீங்களே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கட்டை வழுக்கி விழுந்தபோது நீங்கள் அவர்களிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதையும் ஒருவர் ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருப்பார். கல்லூரியில் சேர்ந்துவிட்டவர்கள் என்சிசியில் 'சி' சான்றிதழ் வாங்கி, பட்டத்தில் 50 சதவீதம் வைத்திருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே நேராக எஸ்எஸ்பிக்குப் போய், தேர்வானால் பரங்கிமலையில் சேரலாம். மூன்று வருடம் அணிவகுப்பில் நின்ற பல பிள்ளைகளுக்கு இந்த வழி இருப்பதே தெரிவதில்லை. உங்கள் கல்லூரி என்சிசி அதிகாரியிடம் இதைப் பற்றி முதல் வருடத்திலேயே கேட்டுவிடுங்கள்.